மழையில் வெட்டிய கொலுப்படி

கைப்பையைக் காலி செய்ய உட்கார்ந்தேன். காய்ந்து சுருண்ட வெற்றிலை, நாலைந்து குங்குமப் பொட்டலம், ஊசிப்போன சுண்டல், ஒரு ரவிக்கைத் துணி, எல்லாவற்றுக்கும் அடியில் உன்னுடைய கொட்டாப்புளி. அந்த மரச் சுத்தியலின் தலையில் சத்தம் வராமல் இருக்கப் பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தேன். துண்டெல்லாம் குங்குமம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுபோகிற பை இது. பைபிள் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தியலை வைத்துக்கொண்டு, நவராத்திரி முழுக்க செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் அலைந்திருக்கிறேன். எல்லாம் உன்னால் வந்தது. உன் அண்ணனிடம் சொன்னால், "அவ என்ன செய்வா, நீதானளா ஒத்துக்கிட்டே" என்கிறார். உன் விஷயத்தில் அவர் என்றைக்கு என் பக்கம் பேசினார்? அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

எதையும் சொல்லாமல் செய்வது உன் பழக்கம். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்த சர்டிபிகேட்டோடு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாயே, அன்றைக்கும் முன்கூட்டி ஒரு போன் இல்லை. கண்காட்சிகளுக்கு அரங்கு போடும் கம்பெனியில் வேலை பார்த்தாய். அது மூடியதும் எங்களைக் கேட்காமலே பின்பக்க பால்கனியில் ஒரு பட்டறையைக் கொண்டுவந்து வைத்தாய். நான் துணி காயப்போட்ட இடம் போயிற்று. நான் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னையும் அதற்குள் இழுத்துப் போட்டாய். மரத்தைப் பிடி, தேய், வாடிக்கையாளருக்குப் பதில் சொல் என்று நாத்தனார் மைனியை வேலை வாங்கிய வீடு நம் வீடாகத்தான் இருக்கும். கடைசியில் பிப்ரவரியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல மைனி, வாயுதான்" என்றாய். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நாம் செய்தது பொருட்களைப் பார்வைக்கு வைக்கிற ஸ்டாண்டுகள். கப்பல் மாதிரிக்கு ஒன்று, சங்குக்கு ஒன்று, வயலினுக்கு, கல்யாண கேக்குக்கு, மாதா சுரூபத்துக்கு. அதில் நமக்குள் ஓயாத சண்டை. ஓரத்தில் ஒரு கொடி, நாலு பூ செதுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்பேன். நீ முறைப்பாய். "பொருளைப் பாக்குதவன் ஸ்டாண்டைப் பாக்கக் கூடாது மைனி. பாத்துட்டாம்னா நாம தோத்தோம்னு அர்த்தம்." அப்படிக் கண்ணுக்கே தெரியாத ஒன்றைச் செய்ய ஏன் இத்தனை நாள் எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால் மரம் சீவுகிற இழைப்புளிச் சத்தம்தான் வரும்.

அப்புறம் அந்தச் சோதனை. செய்து முடித்த எதுவும் ஒரு வாரம் நம் ஹாலில் பாரம் சுமந்து நிற்காமல் வெளியே போகக் கூடாது. சங்கு ஸ்டாண்டில் சங்கின் எடைக்குத் துவரம்பருப்பு. கேக் ஸ்டாண்டில் தண்ணீர் நிரப்பிய குக்கர். உன் அண்ணன் அணுசக்தி நகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற காலத்தில், அவருடைய ஷூ எப்போதும் ஏதோ ஒரு ஸ்டாண்டின் உச்சியில் இருந்தது. நான் சமைக்கப் பருப்பைத் தேடிக்கொண்டு ஹாலுக்கு வர வேண்டியிருந்தது. விருந்தாளிகள் வந்தால் எங்களுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்ப்பார்கள். உனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பாடாய்ப் படுத்தியது உன் மழைக்காலச் சட்டம்தான். ஜூனில் மழை இறங்கிவிட்டால் நீ இணைப்பு வேலைக்கு உளியை எடுக்க மாட்டாய். "மரம் தண்ணி குடிச்சு ஊதியிருக்கும் மைனி. அதை அளந்து வெட்டினா அப்பம் நல்லாத்தான் இருக்கும். அக்டோபர் வெயில் வந்தா சுருங்கி, ஆடுத பல்லு மாதிரி ஆடும். அது வீண் வம்பு, லஃப்டா." சரி, நியாயம்தான். ஆனால் இந்த ஊரில் ஜனங்களுக்கு ஸ்டாண்டு ஞாபகம் வருவதே மழையில்தானே? கணபதிக்குக் கேட்பார்கள், நவராத்திரிக்குக் கேட்பார்கள். நீ கதவைச் சாத்திக்கொண்டு பழைய ஸ்டாண்டுகளுக்கு மெருகு போடுவாய். போனை எடுத்து இல்லை, முடியாது, மே மாதமே சொல்லியிருக்க வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி வசவு வாங்கியது நான்.

அப்படி உன்னிடம் மாட்டிக்கொண்டவர்தான் மாட்டுங்கா மாமி. வருடா வருடம் ஜூலையில் கொலுப்படி கேட்பார், வருடா வருடம் நீ மறுப்பாய். இந்த ஜூலையிலும் போன் வந்தது. நீ இல்லை என்று சொன்னேன். "ஐயோ, சின்ன வயசாச்சே" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அப்போ நீங்க பண்ணித் தருவேளா? டிரங்குப் பெட்டி மேல பலகை போட்டு இனிமே என்னால முடியலை. இரும்புப் படி வாங்கினா கடகடன்னு ஆடறது, பயமா இருக்கு. எல்லாம் என் மாமியார் காலத்து மண் பொம்மை" என்றார்.

செய்து தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன் அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன்மேல் இருந்த கோபம், வேறென்ன? நீ போன பிறகு அந்தப் பால்கனியில் உளிச் சத்தமே இல்லை. மழை வேறு விடாமல் கொட்டுகிறது. நீயே இல்லை, உன் சட்டம் மட்டும் எதற்கு என்று தோன்றிவிட்டது.

குர்லாவிலிருந்து தேக்கு வாங்கினோம். டெம்போவில் நீல தார்பாலினைப் போர்த்திக் கொண்டுவந்தார்கள். உன் அண்ணன் மெஷினில் அறுத்தார், நான் உன்னைப் பார்த்துப் பழகியபடி துளைகளையும் அதற்குள் நுழையும் நாக்குகளையும் வெட்டினேன். வருடா வருடம் கழற்றி மாலாவில், அந்தப் பரணில், ஏற்ற வேண்டிய படி. அதனால் பசை கிடையாது, ஆணி கிடையாது, இணைப்புகளின் இறுக்கம்தான் எல்லாம். நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு இணைப்பிலும் மயிரிழை இடைவெளி இல்லை. அடித்து அடித்துத்தான் உள்ளே இறக்கினோம். ஏழு படியும் ஹாலை அடைத்துக்கொண்டு நின்றன. உன் முறைப்படியே குக்கர், அரிசி மூட்டை, பருப்பு டப்பா எல்லாம் ஏற்றி ஒரு வாரம் வைத்தேன். அசையவில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்று, "பாத்தியா?" என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் திமிர்தான்.

அமாவாசையன்று மாமி பொம்மைகளை அடுக்கிவிட்டதாகப் போன் செய்தார். கலசம் வைத்தாயிற்று, படி மலை மாதிரி நிற்கிறது என்று ஒரே சந்தோஷம். அடுத்த நாளே வெயில் அடிக்கத் தொடங்கியது. இந்த ஊர் அக்டோபர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? பால்கனி ஜன்னலில், வேலையைத் தொடங்கும் முன் பழகிப் பார்க்க நான் வெட்டிய ஒரு இணைப்பு கிடந்தது. ஆகஸ்டில் அதைப் பிரிக்க உன் அண்ணன் முழங்காலால் மிதிக்க வேண்டியிருந்தது. தூசி தட்ட எடுத்தேன். நாக்கு தானாகக் கழன்று என் கால்மேல் விழுந்தது.

மாமியின் படியும் அதே மரம், அதே உளி. மாமிக்குப் போன் செய்து, பொம்மைகளை இறக்குங்கள், வந்து சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"என்ன பேசறேள்! கலசம் வெச்சாச்சு, ஆரத்தி எடுத்தாச்சு. ஒன்பது நாளும் கலைக்கப்படாது. ஒரு பொம்மையைக்கூட நகத்தப்படாது."

"மாமி, கீழ விழுந்துட்டா?"

"விழப்படாது. நீங்கதானே பண்ணினேள்? வந்து பாருங்கோ."

கொட்டாப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மாட்டுங்காவில் லிப்ட் இல்லாத பழைய கட்டிடம், மூன்றாவது மாடி. படியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே உன் உடம்பு போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். என் உடம்பு உனக்குத் தெரியும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்து நுழைந்தேன். மேல் படியை விரலால் தொட்டால் ஆடுகிறது. திருகாணி போடலாம் என்று உன் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். ட்ரில் மெஷின் அதிர்வில் மேலே இருப்பதெல்லாம் என்னாகும்? கழன்ற இடங்களில் மெல்லிய ஆப்பு செருகி, துணி சுற்றிய கொட்டாப்புளியால் தட்டி இறுக்குவதுதான் வழி. கொண்டுபோன துண்டு மரங்களிலிருந்து ஆப்பு சீவினேன். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னாலிருந்து மாமி கத்துகிறார்.

"மெதுவா, மெதுவா! தசரதர் ஆடறார். ஐயோ, செட்டியாரை நான் பிடிச்சுக்கறேன், இருங்கோ."

அதற்குள் வெற்றிலை பாக்குக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே சிலந்தி வலையோடு எப்படி வெளியே வருவது? படிகளுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் விளக்கு, படிமேல் விரித்த வெள்ளைத் துணி வெளிச்சம் பட்டு மஞ்சளாகத் தெரிந்தது. அவர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாடினார்கள். நான் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு, மேல் சட்டத்தைத் தோளால் முட்டுக் கொடுத்தபடி உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இங்கே உட்கார வேண்டியவள் நீ. பதினைந்து வருஷமாக என் பருப்பு டப்பாவை எடுத்தாயே, இந்த ஒரு தடவை வந்தால் என்ன? அழுதேன். துக்கத்தில் அழுததாக நினைக்காதே. எரிச்சலில் அழுதேன்.

மறுநாள் போனால் அந்த ஆப்புகளும் தொளதொளவென்று இருக்கின்றன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆப்பும் அதே மழையில் நனைந்த மரம்தானே, அதுவும் சுருங்கத்தானே செய்யும்? காய்ந்த மரம் வேண்டும். மரக்கடையில் இருப்பதெல்லாம் நாலு மாதம் மழைக்காற்றில் கிடந்தது. வீட்டில் எல்லாமே பிளைவுட்டும் அலுமினியமும். சப்பாத்திக் கட்டையை அறுத்துப் பார்த்தேன், நெய்யும் எண்ணெயும் ஊறி நசுங்கிப்போயிற்று. அன்றிலிருந்து உன் அண்ணன் பாட்டிலை வைத்து உருட்டிய சப்பாத்தியைத் தின்றுகொண்டிருக்கிறார்.

நல்ல காய்ந்த தேக்கு வீட்டில் ஒன்றுதான் இருந்தது. நீ ஜனவரியில் செய்யத் தொடங்கி முடிக்காமல் விட்ட அந்தச் சின்ன ஸ்டாண்டு. ஒரு சாண் உயரம், மூன்று கால், மேலே ஒரு தட்டு, தட்டின் நடுவே செதுக்கிய குழிவு. யாரும் அதற்கு ஆர்டர் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியும், போன் எடுத்தவள் நான். எதுக்கு என்று அப்போதே கேட்டேன். "முடியட்டும் மைனி" என்றாய். அடக்கம் முடிந்து வந்த வாரம் உன் அண்ணன் அந்தக் குழிவில் என்னென்னவோ வைத்துப் பார்த்தார். முட்டை வைத்தார், எலுமிச்சை வைத்தார், உங்கள் அம்மாவின் பழைய வெள்ளி மூக்குப்பொடி டப்பாவை வைத்தார், தன் கைக்கடிகாரத்தை வைத்தார். எதுவும் உட்காரவில்லை. பிறகு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உன் புடவைகளோடு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மழைக்காற்று அதைத் தொடவில்லை.

சப்பாத்திக் கட்டை போன மறுநாள் காலை மாமி போன் செய்தார். நடுப்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்றார். பீரோச் சாவியைக் கேட்டேன். உன் அண்ணன் எதற்கென்று கேட்கவில்லை. அவரே போய்த் திறந்து, தாளைப் பிரித்து, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"காலை மட்டும் அறுக்கேன். தட்டு இருக்கட்டும்" என்றேன்.

"வேற மரமே கிடைக்காதா?"

"கிடைச்சா கேப்பனா?"

கொஞ்ச நேரம் அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி, நீ ஒத்தையில அறுத்தா மரம் பிசகும். நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று பால்கனிக்கு வந்தார்.

அவர் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். உன் மரம் நல்ல மரம், பாவி, ரம்பம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூன்று காலும் ஆப்புகளாயின. அன்று மாலை படிக்கு அடியில் அவற்றைச் செருகித் தட்டினேன், கல்லாக நின்றன. ஆனால் வெயில் விட்டதா? ஆயுதபூஜையன்று மேல் வரிசை மொத்தமும் கழன்றுகொண்டது. மறுபடி வீட்டுக்கு ஓடிவந்தேன். இந்த முறை சாவி கேட்கவில்லை, தட்டு மேஜைமேலேயே இருந்தது. அறுக்கும் முன் குழிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று, ஒரு பக்கம் மட்டும் லேசாக ஆழமாக, எதையோ சாயாமல் ஏந்திக்கொள்கிற மாதிரி இருந்தது. உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். குழிவின் நடுவாகத்தான் ரம்பத்தை ஓட்ட வேண்டியிருந்தது, மரத்தின் ஓட்டம் அப்படி.

விஜயதசமி சாயங்காலம் கொலு முடிந்ததற்கு அடையாளமாக மாமி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார். மறுநாள் நானும் கூட நின்று எல்லாவற்றையும் இறக்கினோம். ஒரு பொம்மைக்கும் விரல் நுனிகூடப் போகவில்லை. பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றி முடித்த பிறகு படியைப் பிரித்தேன். சில ஆப்புகள் வெளியே வரவே இல்லை, அப்படியே மரத்தோடு போய்விட்டன. வந்தவற்றை மாமி ஒரு பையில் போட்டுப் படியோடு கட்டி மாலாவில் ஏற்றச் சொன்னார். ஆப்புக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார், சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க நாத்தனார் எனக்குப் பண்ண மாட்டேன்னு சொல்லிண்டே இருந்தா. கடைசில அவதான் தாங்கினா. இதுக்குன்னுதான் பண்ணி வெச்சிருக்கா, பாருங்கோ."

பெரிய மனுஷி, நல்ல மனசோடு சொல்கிறார். தலையாட்டிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸில் சயான் தாண்டுவதற்குள் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதற்கென்று செய்தாயா? நீயா? ஆப்பாகப் போவதற்கா அத்தனை வழுவழுப்பாக ஒரு குழிவைச் செதுக்கினாய்? இல்லை. நீ எதற்காகவோ அதைச் செய்தாய், எனக்குச் சொல்லவில்லை, நான் அதை அறுத்துவிட்டேன். பொம்மைகள் பிழைத்தன, எனக்குச் சந்தோஷம்தான். அதனால் இது சரியாகிவிடாது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் நான் சண்டை போடப் போவதில்லை. உன்னிடம் போடுவேன். முடிந்ததும் சொல்கிறேன் என்றாயே, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

அந்த மரம் இப்போது இல்லை. ஆனால் குழிவு என் கையில் இருக்கிறது. அறுப்பதற்கு முன் தொட்டது அப்படியே உள்ளங்கையில் நின்றுவிட்டது, எந்தப் பக்கம் ஆழம், எங்கே விளிம்பு ஏறுகிறது எல்லாம். எதைப் பார்த்தாலும், இதற்குத்தானோ என்று கை தானாகக் குவிகிறது. சர்ச்சில் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் குதிகாலைப் பிடித்துப் பார்த்தேன், அது சிரித்தது. இன்று காலை காய்கறி வண்டியில் ஒரு சீத்தாப்பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். வாங்கப் போகிறேனா இல்லையா என்று வண்டிக்காரர் கேட்டார். இது இல்லை என்று சொல்லித் திருப்பி வைத்தேன்.